மிதவை இல்லாத பெட்டி

சித்திரை பிறந்துவிட்டால் வேலூரில் இன்வெர்ட்டர் பழுதுபார்ப்பவர்களைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. எங்கள் ஊர்ச் சைதாப்பேட்டையில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் நான்கு நாள் இழுத்தடித்து, ஐந்தாம் நாள் காலையில் வந்து சேர்ந்தார். மாடிப்படிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, பேட்டரியின் ஆறு மூடிகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். தலையில் ரப்பர்க் குமிழ். உள்ளே, அடியில் ஈயக்குண்டு நிரப்பிய சிறு மிதவை. குமிழை அழுத்தி விட்டதும் அமிலம் குழாய்க்குள் ஏறியது. மிதவை ஆடி அடங்கியது. கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, "1230" என்றார். அடுத்த செல்லும் 1230. மூன்றாவது 1225. நான்காவதில் மிதவை மூழ்கப்போவதுபோல் இறங்கியது. "1160. இவன்தான் சார் உங்கள் ஃபேனை நிறுத்துகிறவன்."

அவர் வருவதற்கு முன்பே மல்டிமீட்டரை வைத்து நானும் சோதித்திருந்தேன். 12.35 வோல்ட் காட்டியது. பேட்டரியில் குறையில்லை, இன்வெர்ட்டரில்தான் கோளாறு என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லியிருந்தேன். பாய் போனபிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்ன 1230 என்பது ஒப்படர்த்தி 1.230, அதாவது தண்ணீரைப்போல் 1.23 மடங்கு கனம். ஈய-அமில செல் ஓய்வில் இருக்கும்போது அதன் மின்னழுத்தம், அமிலத்தின் ஒப்படர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் வரும் எண்ணுக்கு ஏறக்குறையச் சமம். 1.23 இருக்கும் செல்லுக்கு 2.07 வோல்ட், 1.16 இருக்கும் செல்லுக்கு 2.00. ஆறு செல்லும் நலமாக இருந்தால் 12.42, ஒன்று நொடித்துப்போனால் 12.35. மீட்டரில் 0.07 வோல்ட்டாக ஒளிந்துகொண்ட நோய், மிதவையில் 70 புள்ளியாக அம்பலப்பட்டுவிட்டது.

கடைக்காரர்கள் 'கிராவிட்டி பார்ப்பது' என்று சொல்லும் இந்த வேலையில் மின்சாரத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடை, மிதப்பு, அவ்வளவுதான். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது கந்தக அமிலம் தகடுகளுக்குள் சல்பேட்டாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. வெளியே மிஞ்சுவது நீர்த்துப்போன அமிலம். நீர்த்தால் அடர்த்தி குறையும், மிதவை இறங்கும். சார்ஜ் ஏறினால் அமிலம் திரும்பி வரும், மிதவை எழும். வீட்டில் வைக்கும் டியூபுலர் பேட்டரி நிறைந்திருந்தால் 1240-க்குப் பக்கத்தில் நிற்கும். காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். அந்தக் குடும்பத்தின் உடல்நிலையைப் பார்க்க இன்றைக்கும் இதைவிட நேர்மையான கருவி இல்லை என்பது என் கருத்து.

நேர்மையான கருவிதான், ஆனால் பார்க்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய கையோடு பார்த்தால் எண் பொய்யாகும். தண்ணீர் மேலேயே மிதந்துகொண்டிருக்கும், சார்ஜ் ஏறிக் குமிழி வந்தால்தான் கலக்கும். நீண்ட நாள் அரைகுறையாகச் சார்ஜ் ஆன பேட்டரியில் கனத்த அமிலம் அடியில் தங்கிவிடும். மேலே எடுத்த அமிலம் அடியின் கதையைச் சொல்லாது. பிறகு நம் ஊர் வெயில். 27 பாகையை அடிப்படையாக வைத்துத்தான் எண் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் முக்கால் புள்ளிக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் மாடிப்படிக்கு அடியில் அன்று 42 பாகை இருந்தது. ஆகவே பாய் சொன்ன 1230 உண்மையில் 1240, முழுச் சார்ஜ். இதை அவர் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. "வெயில் காலத்தில் பத்துப் புள்ளியை விட்டுவிட வேண்டும் சார்" என்றார். கணக்கும் அதையேதான் சொல்கிறது.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். மற்றவை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்கலாம்: மிதவையில்லாப் பேட்டரி. கைப்பேசி, மடிக்கணினி, மின்சார ஸ்கூட்டர், இப்போது வீட்டு இன்வெர்ட்டர் என்று எல்லா இடத்துக்கும் வந்துவிட்ட லித்தியம் அயன் பேட்டரிக்கு மூடி கிடையாது, ஊற்றத் தண்ணீர் கிடையாது, குழாய் நுழைக்க வழி கிடையாது. பராமரிப்பே வேண்டாம் என்று விற்கிறார்கள். பராமரிக்க வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அதோடு, தொட்டுப் பார்த்து உடம்பு எப்படி என்று அறியும் வழியும் போய்விட்டது. திரையில் ஒரு சதவீதம் தெரிகிறது. அதை நம்பித்தான் வண்டியைக் குடியாத்தம் வரை ஓட்டுகிறோம்.

அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது? இரண்டு வழிகள். ஒன்று, மின்னழுத்தத்தைப் பார்த்து ஊகிப்பது. இன்னொன்று, உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்த மின்சாரத்தையும் கூட்டிக் கழிப்பது.

மின்னழுத்தத்தை நம்பினால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நம்மை ஏமாற்றிவிடும். 1997-இல் டெக்சாஸில் ஜான் குட்எனஃப் குழுவினர் வெளியிட்ட பொருள் அது. லித்தியம் பேட்டரிப் பணிக்காக அவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு, மற்ற இருவரோடு சேர்ந்து கிடைத்தது. நீண்ட ஆயுள், வெப்பத்தைத் தாங்கும் குணம், கோபால்ட் இல்லாத மலிவு எனப் பல நல்ல குணங்கள் அதற்கு உண்டு. ஆனால் 80 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை இறங்கும்போது மின்னழுத்தம் 3.3-க்கும் 3.2-க்கும் நடுவிலேயே படுத்துக் கிடக்கும். நோயாளி எந்த நிலையில் இருந்தாலும் "நன்றாக இருக்கிறேன்" என்றே சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்?

கூட்டிக் கழிக்கும் முறை, காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினவர்களையும் இறங்கினவர்களையும் எண்ணிக்கொண்டே வருவதைப் போன்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவரைத் தவறவிட்டால், பாகாயம் போய்ச் சேரும்போது கணக்கில் இருபது பேர், வண்டியில் ஆறு பேர் என்றாகும். பஸ்ஸை ஒருமுறை காலி செய்தால்தான் கணக்கு நேராகும். பேட்டரியையும் அப்படித்தான் அவ்வப்போது முழுக்க நிரப்பி நேர் செய்கிறார்கள். நடுவில் வந்து சேரும் தவறு நமக்குத் தெரிவதில்லை. வயதாகிப் பேட்டரியின் கொள்ளளவே சுருங்கிவிட்டால், அதாவது பஸ்ஸில் இருக்கைகளே குறைந்துவிட்டால், சதவீதம் என்பதற்கே அர்த்தம் மாறிவிடுகிறது.

இங்கேதான் எடையும் அளவும் அழுத்தமும் திரும்பி வருகின்றன. லித்தியம் பேட்டரிக்கு மிதவை இல்லை என்றேன். மிதவை இல்லாவிட்டாலும் அதற்கு ஓர் உடம்பு இருக்கிறது. அந்த உடம்பு சார்ஜ் ஏறும்போது விம்முகிறது, இறங்கும்போது வாடுகிறது.

காரணம் கிராஃபைட். பென்சில் கரியும் இதுவும் ஒன்றே. ஒற்றை அணுத் தடிமனுள்ள தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பொருள் அது. குடியாத்தத்துக் கடையில் லுங்கிகளை மடித்து ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் ஒவ்வொரு மடிப்புக்கு நடுவிலும் நுழைகின்றன. தாளுக்கும் தாளுக்கும் இடையே 3.35 ஆங்ஸ்ட்ராமாக (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) இருந்த இடைவெளி, முழுவதும் நிறையும்போது 3.70 ஆகிறது. பத்து சதவீதம். லுங்கிக் கட்டில் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு விரலைச் செருகினால் கட்டு எவ்வளவு உயருமோ அதே கதை. கிராஃபைட்டைத் தவிர மற்ற பாகங்களும் அடுக்கில் இருப்பதாலும், கிராஃபைட்டிலேயே துளைகள் இருப்பதாலும், முழு செல்லாகப் பார்த்தால் ஏற்றம் நூற்றில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை இருக்கும். ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள கைப்பேசி செல், ஒவ்வொரு இரவும் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுக்குப் பருத்து, பகலில் மெலிகிறது.

எல்லா வேதிப்பொருளும் ஒரே மாதிரி விம்முவதில்லை. சிலிக்கான், லித்தியத்தை விழுங்கினால் மூன்று மடங்கு கூடுதலாக ஊதும். புதிய கைப்பேசிகளில் கிராஃபைட்டோடு கொஞ்சம் சிலிக்கானைக் கலக்கிறார்கள், அதைக் கட்டுக்குள் வைக்கவே பெரும்பாடு படுகிறார்கள். லித்தியம் டைட்டனேட்டோ ஏறக்குறைய அசையவே அசையாது. அந்தப் பக்கத்தில் அளந்து பிரயோசனம் இல்லை. இரும்பு பாஸ்பேட் இதில் ஒரு வேடிக்கையான ஆள். சார்ஜ் ஏறும்போது லித்தியத்தைக் கொடுத்துவிட்டு அது ஆறரை சதவீதம் போலச் சுருங்கும். எதிர்ப்பக்கத்தில் கிராஃபைட் பருக்கும். கிராஃபைட் பருப்பதும் ஒரே சீராக இல்லை. முதலில் வேகமாக ஏறி, நடுவில் நின்று, பிறகு மறுபடி ஏறும். இரண்டும் சேர்ந்து செல்லின் தடிமன் ஏறி, சற்று இறங்கி, மீண்டும் ஏறுகிறது. மின்னழுத்தம் தட்டையாகக் கிடக்கும் அதே நடுப்பகுதியில் உடம்பில் மேடும் பள்ளமும் தெரிகின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஸ்டெஃபனபோலுவும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகளாக இந்த மேடுபள்ளங்களைப் பிடித்துச் சார்ஜின் அளவைக் கணிக்கும் வேலையைச் செய்துவருகிறார்கள்.

இதுவரை சொன்னது போய்த் திரும்பும் மூச்சு. பேட்டரியின் வயதைச் சொல்வது திரும்பாத மூச்சு.

கிராஃபைட்டின் மேல், முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அது இல்லாவிட்டால் பேட்டரியே இல்லை; பாலுக்கு ஆடைபோல மேலே படர்ந்து, உள்ளே இருப்பதைக் காக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை கிராஃபைட் பருக்கும்போதும் படலம் எங்காவது விரிசல் விடும். விரிசலில் புதுப் படலம் வளரும். வளர லித்தியம் வேண்டும். அந்த லித்தியம் இனி மின்சாரம் சுமக்க வராது. ஆக, கொள்ளளவு குறைவதும் தடிமன் கூடுவதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முகங்கள். அவசரமாகச் சார்ஜ் ஏற்றினாலோ குளிரில் ஏற்றினாலோ, லித்தியம் தாள்களுக்குள் நுழையாமல் வெளியே உலோகமாகவே படிந்துவிடும். அதுவும் தடிமனைக் கூட்டும். மூன்றாவது வாயு. உள்ளே இருக்கும் கரைப்பான் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் போன்றவை பிறக்கின்றன. மெல்லிய அலுமினியப் பை செல்லாக இருந்தால், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு எண்ணெய்ச் சட்டியில் விழுந்த பூரி மாதிரி உப்பிவிடும்.

பூரியை நானே கண்டேன். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே மறந்து வைத்த ஒரு பவர் பேங்க், மே மாதம் முடிவதற்குள் தன் பிளாஸ்டிக் கூட்டைத் தானே பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பிளவு வழியாக செல்லின் மேல் அச்சிட்ட எண் தெரிந்தது: 606090. சாதாரண பை செல்களில் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. முதல் இரண்டு இலக்கம் தடிமன், 6.0 மில்லிமீட்டர்; அடுத்தவை அகலம் 60, நீளம் 90. பிறந்தபோது இருந்த உடம்பு நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. வெர்னியரை மெதுவாக, அழுத்தாமல் வைத்துப் பார்த்தேன், 7.4 காட்டியது. 1.4 மில்லிமீட்டர் கூடுதல். முழுச் சார்ஜில் நியாயமாக விம்மக்கூடியது மூன்று சதவீதம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 0.18 மில்லிமீட்டர்தான் ஆகிறது. மிச்சமெல்லாம் திரும்பாத மூச்சு. மீட்டரை வைத்தால் 3.8 வோல்ட் என்று யோக்கியமாகக் காட்டியது. அதை மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து மின்கழிவு வாங்குகிறவரிடம் ஒப்படைத்தேன். உப்பிய செல்லை ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று சிலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தீயோடு விளையாடும் வேலை அது. அமுக்கிப் பழைய இடத்தில் திணிப்பதும் அப்படியே.

ஆய்வகத்தில் இந்த வீக்கத்தை இரண்டு விதமாக அளக்கிறார்கள். செல்லைத் தன் போக்கில் பருக்கவிட்டு, மேலே ஒரு நகர்ச்சிமானியை வைத்துத் தடிமனைப் பார்ப்பது ஒரு விதம். இரண்டு கனத்த தகடுகளுக்கு நடுவில் செல்லை வைத்து, நகரவே முடியாதபடி போல்ட்டால் இறுக்கிவிட்டு, அது தள்ளும் விசையை அளப்பது இன்னொரு விதம். வண்டியின் பேட்டரிக்குள் செல்கள் ஏற்கெனவே வரிசையாக இறுக்கித்தான் கட்டப்பட்டிருக்கின்றன என்பதால், இரண்டாவதுதான் நடைமுறைக்கு நெருங்கியது. கட்டின் ஒரு முனையில் எடைத் தராசில் இருப்பதுபோன்ற ஒரு விசையுணரியை வைத்தால், முழு வரிசையும் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் கன்னரெல்லாவும் கிரெய்க் ஆர்னால்டும் 2014-இல் இதைச் செய்து காட்டினார்கள். இறுக்கி வைத்த பை செல்களை நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கி, ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தத்தைக் குறித்தார்கள். ஒரு சுற்றுக்குள் அழுத்தம் ஏறி இறங்குவது சார்ஜைச் சொன்னது. சுற்றுக்குச் சுற்று உச்சம் உயர்ந்துகொண்டே போனது வயதைச் சொன்னது. கொள்ளளவு எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் அழுத்தம் உயர்ந்திருந்தது. பேட்டரியின் உடல்நிலையை அறிய அதை முழுக்கக் காலி செய்து முழுக்க நிரப்பிப் பார்க்கும் பல மணி நேர வேலையை, ஓர் அழுத்த எண் மிச்சப்படுத்தும் என்பதுதான் இதன் பயன்.

அதே இருவரின் இன்னோர் ஆய்வில் கிடைத்த செய்தி எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது. இறுக்காமல் விட்ட செல்லைவிட, லேசாக இறுக்கிய செல் நீண்ட நாள் வாழ்ந்தது. அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் அந்த இறுக்கம் பிடித்துக்கொண்டது. மிகவும் இறுக்கியது சீக்கிரம் செத்தது. நடுவில் இருக்கும் தடுப்புப் படலத்தின் நுண்துளைகள் நசுங்கி, அயனிகளுக்கு வழி அடைபட்டது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவருக்குத் தெரிந்த விஷயம்தான். இதனால் அழுத்தத்தை அளப்பது வெறும் கண்காணிப்பாக நிற்பதில்லை. அழுத்தமே மருந்தாகவும் நஞ்சாகவும் இருக்கிறது.

எஃகுக் குழாய்க்குள் சுருட்டி அடைத்த செல்களில், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்தப் பழகிய உருளையில், வீக்கம் கண்ணுக்குத் தெரியாது. எஃகின் மேல் ஓர் இழுவிசைப் பட்டையை ஒட்டினால், எஃகு பத்து லட்சத்தில் சில பங்கு நீள்வதைக்கூட அது மின்தடை மாற்றமாகக் காட்டிவிடும். அது போதாதென்று ஒளியிழைகளையும் செல்லுக்குள்ளேயே நுழைக்கிறார்கள். பிரான்ஸில் ழான்-மரி தராஸ்கோனின் குழு 2020-இல் கடையில் விற்கும் வகை செல்களுக்குள்ளேயே முடிபோன்ற கண்ணாடி இழையை வைத்து, உள்ளே நடக்கும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் நேரில் படித்தது. இழை நீண்டால் அது திருப்பியனுப்பும் ஒளியின் அலைநீளம் மாறும். சூடானாலும் மாறும். எது வீக்கம், எது வெப்பம் என்று பிரிக்க இரண்டு இழை வேண்டியிருக்கிறது.

உருளை செல்லில் ஓர் இயந்திர உணரி பல காலமாகவே குடியிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூடிக்குக் கீழே ஒரு வளைந்த தகடு. உள்ளே வாயு அழுத்தம் அளவு மீறினால் தகடு மறுபக்கம் புரண்டு, மின்னிணைப்பை அறுத்துவிடும். குக்கர் விசிலின் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம். அதற்கு நிரலும் வேண்டாம், சிப்பும் வேண்டாம். ஒரே குறை, அது செத்தபிறகுதான் சேதி சொல்லும்.

தட்டிப் பார்ப்பதும் உண்டு. கரிகிரி மண்பாண்டம் வாங்கப் போனால் விரல் மடக்கி ஒரு தட்டு தட்டாமல் யாரும் காசு கொடுப்பதில்லை. கணீரென்றால் எடுத்துக்கொள்வார்கள், பொத்தென்றால் வைத்துவிடுவார்கள். பேட்டரிக்கு அந்தத் தட்டு, காதுக்குக் கேட்காத மீயொலி. செல்லின் ஒரு முகத்தில் ஒலியை அனுப்பி, மறுமுகத்தை அடைய எத்தனை மைக்ரோ விநாடி ஆகிறது, எவ்வளவு வலுவோடு வருகிறது என்று பார்க்கிறார்கள். லித்தியம் ஏறிய கிராஃபைட் விறைப்பாகிறது; விறைப்பான பொருளில் ஒலி விரைந்து போகும். ஆகவே சார்ஜ் ஏறினால் ஒலி சீக்கிரம் வந்து சேரும். 2015-இல் டேனியல் ஸ்டீன்கார்ட்டின் குழு, இதுவும் பிரின்ஸ்டன்தான், இந்த முறையை வெளியிட்டது. வாயு விஷயத்தில் இதற்கு நிகர் இல்லை. தாளைவிட மெல்லிய வாயுப்படலம் இருந்தால் போதும், ஒலி அங்கேயே நின்றுவிடும். தடிமன் கூடியதை வெர்னியர் காட்டுவதற்கு வெகு முன்பே மீயொலிக்குத் தெரிந்துவிடுகிறது.

அதே குழு அதே ஆண்டில் இன்னொன்றையும் சோதித்தது. சுவர்க்கடிகாரத்தில் போடும் ஆல்கலைன் செல்லை மேஜையில் செங்குத்தாகப் போட்டால், புதியது தொப்பென்று நிற்கும், பழையது துள்ளும் என்பார்கள். உள்ளே துத்தநாகப் பசை, துத்தநாக ஆக்சைடாக இறுகுவதால் துள்ளுவது உண்மை. ஆனால் பாதி தீர்ந்த நிலையிலேயே துள்ளல் உச்சத்துக்குப் போய்விடுகிறது. துள்ளினால் அது புதிதல்ல என்று மட்டும் சொல்லலாம்; தூக்கிப் போடச் சொல்ல முடியாது. என் வீட்டில் அப்படிப் பல நல்ல செல்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டானின் ஆய்வகம் பேட்டரி உலகில் பெயர் பெற்றது. பை செல்லுக்குள் வாயு எப்போது, எவ்வளவு பிறக்கிறது என்று பார்க்க அங்கே 2014-இல் ஒரு கருவி செய்தார்கள். செல்லை ஒரு திரவத்தில் முழுக்க மூழ்கடித்து, விசையுணரியில் தொங்கவிட்டு, அப்படியே சார்ஜ் ஏற்றினார்கள். வாயு பிறந்தால் செல் உப்பும், உப்பினால் இன்னும் கொஞ்சம் திரவத்தை ஒதுக்கும், ஒதுக்கிய அளவுக்கு எடை குறைந்து காட்டும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம். பாயின் குழாயில் அமிலத்துக்குள் மிதவை. ஹாலிஃபாக்ஸில் திரவத்துக்குள் பேட்டரியே மிதவை. இதைப் படித்தபோது எனக்கு உண்மையில் சிரிப்பு வந்தது. தொலைத்ததைத் தேடி உலகத்தைச் சுற்றி வந்து, மாடிப்படிக்கு அடியிலேயே கண்டெடுத்த மாதிரி.

இத்தனை இருந்தும் நம் வண்டிகளுக்குள் ஏன் விசையுணரி இல்லை? விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெப்பம். செல் சூடானாலே பருக்கும். கட்டியிருக்கும் இரும்பும் அலுமினியமும் தம் பங்குக்கு நீளும். உணரியின் எண்ணும் நகரும். குளிரூட்டிய அறையில் தெளிவாகத் தெரியும் தலைமுடி அளவு மாற்றம், அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டருக்குள் காணாமல் போய்விடும். அமிலத்துக்குப் பத்துப் புள்ளியை விட்டுவிடுவதுபோல் இதற்கும் வெப்பநிலையை அளந்து கழிக்க வேண்டும், ஒவ்வொரு செல் வகைக்கும் தனித்தனியாக. மேலும் வேதிவினைகள் பத்துப் பாகை கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் எடுக்கும் என்பது பழைய கைக்கணக்கு. அளப்பதைக் கெடுக்கும் அதே வெயில், அளக்க வேண்டிய அவசியத்தையும் கூட்டுகிறது. ஆய்வகங்கள் பெரும்பாலும் 25 பாகையில் சோதிக்கின்றன. வேலூரில் அந்த வெப்பநிலை மார்கழி மதியத்தில் கிடைக்கலாம்.

இந்த ஊரில் இது வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. 2022 மார்ச் இறுதியில், அல்லாபுரத்தில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, தந்தையும் பதின்மூன்று வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டின் வேறு பகுதிகளிலும் வண்டிகள் எரிந்தன. அதன்பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. செல்களின் வெப்பநிலையைக் கண்காணிப்பது, அழுத்தம் வெளியேற வழி வைப்பது, ஆபத்து நேர்ந்தால் ஒலியாலும் ஒளியாலும் எச்சரிப்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. வெப்பநிலை நல்ல சாட்சிதான். ஆனால் தாமதமான சாட்சி. வெப்பம் ஏறத் தொடங்கும்போது பல நேரங்களில் விநாடிகளே மிச்சம். வீக்கமோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முன்பே தொடங்குகிறது. எல்லாச் செல்லிலும் விசையுணரி வைக்க முடியாவிட்டாலும், ஒரு கட்டுக்கு ஒன்றாவது வைக்கலாம் என்பதே என் எண்ணம். அதுவரை, சர்வீஸுக்குப் போகும்போது பேட்டரியின் தடிமனைப் பார்த்தீர்களா என்று கேட்பதில் தவறில்லை.

கேட்டுப் பார்த்ததில் ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்தது. காட்பாடி சாலையில் மின்சார ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் சிறு கடை. உரிமையாளருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் வாங்கிப் போடும் கட்டுகளில் செவ்வக அலுமினியக் கூட்டு செல்கள். வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிடச் சொல்கிறார். இரவெல்லாம் கடைக்குள் நின்று சூடு ஆறிய பிறகு, காலை ஏழு மணிக்கு, வெயில் ஷட்டரைத் தொடுவதற்கு முன்பு, கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறக்கிறார். பாதிச் சார்ஜில்தான் பார்ப்பாராம். நிறைந்த வயிற்றோடு இடுப்பளவு எடுத்தால் சட்டை எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்டார்.

செல்லின் அகன்ற முகத்தில் ஓர் எஃகு ஸ்கேலைக் குறுக்காக, விளிம்பில் நிற்கும்படி வைத்தார். நடுவில் உப்பியிருந்ததால் ஸ்கேல் அங்கே தாங்கி, இரண்டு பக்கமும் லேசாக ஆடியது. ஒரு பக்கத்தை விரலால் அமர்த்தாமல், இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை பொறுத்தார். பிறகு, பைக் மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜை விரித்து, மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக ஸ்கேலின் முனைக்கு அடியில் நுழைத்துப் பார்த்தார். 0.35 தாராளமாகப் போனது. 0.40 உரசிக்கொண்டு போனது. 0.45 போகவில்லை. கறுப்பு மார்க்கரால் செல்லின் நீல உறைமேல் அன்றைய தேதியையும் 40 என்றும் எழுதினார். அதற்கு மேலே, மங்கிய மையில், போன கார்த்திகை மாதத்துத் தேதி ஒன்றும் 25 என்ற எண்ணும் இருந்தன.